தீயணைப்பு வண்டிக்கு வழி சொல்வது எப்படி? குமரி மாவட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலை மாற்றலாகியோ, கல்யாணம் முடிந்தோ, வளைகுடாவில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியோ நீங்கள் குமரி மாவட்டத்துக்கு வந்திருக்கலாம். மற்ற மாவட்டங்களில் ஒரு ஊர் முடிந்து, வயல் வந்து, அதன்பிறகு அடுத்த ஊர் வரும். இங்கே நாகர்கோவிலில் பஸ் ஏறினால் களியக்காவிளை வரைக்கும் பெரும்பாலும் வீடுகளைப் பார்த்துக்கொண்டேதான் போவீர்கள். தென்னைக்கும் வாழைக்கும் ரப்பருக்கும் நடுவே ஆளுக்கொரு துண்டு நிலம், அதில் ஒரு வீடு, அந்த வீட்டுக்குப் போக இரண்டு கையாலைக்கு (மண்சுவருக்கு) நடுவே ஓர் இடவழி, அதாவது ஒடுங்கிய சந்து. ஊர்ப் பெயர்களில் பாதி 'விளை' என்று முடியும். அதிலும் ஒரே பெயரில் இரண்டு மூன்று விளைகள் இருக்கும்.

தீயணைப்புத் துறை பற்றிய கட்டுரையில் இதெல்லாம் எதற்கு? எனக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேர்கிளம்பிப் பக்கம் என் தாய்மாமன் வீட்டில் ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைப்புரையில் தீப்பிடித்தது. நான்தான் 101-க்கு அடித்தேன். எங்கே என்று கேட்டார்கள். விளையின் பெயரைக் கத்திச் சொன்னேன், போனை வைத்தேன், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எட்டுக் கிலோமீட்டர் தள்ளி அதே பெயரில் இன்னொரு விளை இருப்பது எனக்குத் தெரியாது. வண்டி அங்கே போய்விட்டது. வழி கேட்டு அவர்கள் திரும்பக் கூப்பிட்டபோது என் போன் திண்ணையில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. வண்டி வந்து சேர்வதற்குள் புகைப்புரையில் சுவர் மட்டும்தான் மிச்சம். பக்கத்திலிருந்த மாட்டுத்தொழுவத்துக்குத் தீ பரவாமல் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிழை என்னுடையது. அதனால்தான் இந்தக் கட்டுரை தீயை விட வழியைப் பற்றி அதிகம் பேசும்.

இன்றைக்கே செய்துவைக்க வேண்டியது

முதலில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நடங்கள். பெரிய தீயணைப்பு வண்டி ஏறக்குறைய இரண்டரை மீட்டர் அகலம். கண்ணாடி, கையாலை, வளைவு எல்லாம் பார்த்தால் மூன்றரை மீட்டராவது இருந்தால்தான் ஓட்டுநர் தயங்காமல் உள்ளே விடுவார். அகலம் மட்டும் போதாது, மேலேயும் பாருங்கள். தாழத் தொங்கும் கேபிள், திருவிழாவுக்குக் கட்டிய அலங்கார வளைவு, கல்யாணப் பந்தல் என்று எது வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திவிடும். பெரிய வண்டி எந்த இடம் வரைக்கும் வரும், அங்கிருந்து வீட்டுக்கு எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண்ணை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று கீழே சொல்கிறேன்.

நாகர்கோவிலுக்குள் குடியிருப்பவர்கள் இதிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். கோட்டாறு கம்போளத்துக்குள் (சந்தைக்குள்) ஒரு மினி லாரி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாலே ஸ்கூட்டர் நகராது. வடசேரியிலும் மீனாட்சிபுரத்திலும் உள்ள முடுக்குகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது அடையாளம். இந்த மாவட்டத்தில் அடையாளத்துக்குப் பஞ்சமே இல்லை. குருசடி (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்), நிழல்தாங்கல் (அய்யாவழியினரின் வழிபாட்டிடம்), சுடலைமாடன் கோயில், பால் சொசைட்டி, ரேஷன் கடை, சானல் (பாசனக் கால்வாய்) பாலம் என்று நூறடிக்கு ஒன்று கிடைக்கும். 'மஞ்சள் பெயின்ட் அடித்த வீடு', 'பெரிய பிளெக்ஸ் வைத்த இடம்' எல்லாம் அடையாளம் ஆகாது. பெயின்ட் மாறும், பிளெக்ஸ் கிழியும். குருசடி அங்கேயேதான் இருக்கும்.

பிறகு, வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து, தெரிய வேண்டும். சமையல் எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரை அணைக்கத் தெரிய வேண்டும். வாடகை வீடு என்றால் குடியேறுகிற அன்றைக்கே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

எந்த எண்ணுக்கு அடிப்பது

தீயணைப்புக்கு 101. எல்லா அவசரத்துக்கும் பொதுவானது 112. ஆம்புலன்ஸ் 108. எரிவாயு மட்டும் கசிகிறது, தீ இல்லை என்றால் 1906. மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987. புயல், வெள்ளம் என்றால் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை, 1077. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரக் காவல் குழுமம் 1093. தீயணைப்பு வண்டி கரையோடு நின்றுவிடும், கடலுக்குள் போகிற வேலை அவர்களுடையது அல்ல.

101-க்கு அடித்தால் உங்கள் பக்கத்து நிலையத்திலேயே எடுப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கட்டுப்பாட்டு அறையில் எடுத்து, அங்கிருந்து பக்கத்து நிலையத்துக்குச் சொல்லலாம். எடுப்பவருக்கு உங்கள் விளையும் தெரியாது, சானலும் தெரியாது. எனவே மாவட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. போன் கேரள டவரைப் பிடித்திருந்தால் அழைப்பு அந்தப் பக்கம் போய்விடலாம். எதிரே மலையாளம் கேட்டால் பதறாமல் 'தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம்' என்று முதலில் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு சுருக்குவழி, பக்கத்து நிலையத்தின் நேரடி எண்ணை வாங்கிப் போனில் பதிந்துகொள்வது. நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, குளச்சல், கன்னியாகுமரி என்று உங்களுக்கு எது பக்கமோ அந்த நிலையத்துக்கு ஒருநாள் நேரில் போய்க் கேளுங்கள், கொடுப்பார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944இல் அதே ஏப்ரல் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் கப்பல் வெடித்த விபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடத்துகிறார்கள். அந்த வாரத்தில் போனால் கருவிகளைக் காட்டி விளக்கமும் சொல்வார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம்.

பேசும்போது

வெளியே வந்து நின்று பேசுங்கள். புகைக்குள் நின்று பேசுவது வீரம் ஆகாது. பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்:

"கன்னியாகுமரி மாவட்டம், வேர்கிளம்பி பக்கம். ஓட்டு வீடு எரியுது. உள்ளே ஒரு பாட்டி இருக்காங்க, மற்ற எல்லாரும் வெளியே வந்தாச்சு. உள்ளே ரெண்டு சிலிண்டர் இருக்கு."

"மெயின் ரோட்டுல என்ன அடையாளம்?"

"அழகியமண்டபத்துல இருந்து வந்தா இடது பக்கம் குருசடி. அதைத் தாண்டின உடனே வலது பக்கம் இறங்குற ரோடு. குருசடி முன்னால ஒரு ஆள் டார்ச்சோட நிப்பாரு."

"பெரிய வண்டி வருமா?"

"சானல் பாலம் வரைக்கும் வரும். அப்புறம் நூறு மீட்டர் நடைதான்."

முக்கால் நிமிஷப் பேச்சுதான். ஆனால் நிலையத்தில் இருப்பவருக்கு இதிலிருந்து கிடைப்பது நிறைய. 'நூறு மீட்டர்' என்று கேட்டதும் அவர் மனதில் ஏழு குழாய் என்று கணக்கு ஓடும். அவர்கள் இணைத்துக்கொண்டே போகிற குழாய் ஒன்று வழக்கமாகப் பதினைந்து மீட்டர் நீளம். 'சிலிண்டர்' என்றதும் யார் முதலில் எங்கே போக வேண்டும் என்று முடிவாகும். 'ஆள் உள்ளே' என்றால் மூச்சுக்கருவியைப் போட்டுக்கொண்டே வருவார்கள்.

அவர்கள் வைக்கச் சொல்லும் வரைக்கும் போனை வைக்காதீர்கள். வைத்த பிறகும் கையிலேயே வைத்திருங்கள். திரும்பக் கூப்பிடுவார்கள். அது உண்மையான அழைப்பா என்று உறுதி செய்யவும், வழி கேட்கவும். திண்ணையில் போட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதை என்னைவிட வேறு யார் சொல்ல முடியும். விளையாட்டுக்கு 101-ஐ அடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.

வண்டி வரும் வரைக்கும்

நிலையத்தில் மணி அடித்ததும் நிலைய அலுவலர், முன்னணித் தீயணைப்போர், தீயணைப்போர், ஓட்டுநர் எல்லாரும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் வண்டி வாசலைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு ஆகிற நேரம்தான் நம் கையில் இருக்கிறது. மார்த்தாண்டம் சந்திப்பில் சாயங்கால நெரிசலில் மாட்டினால் சைரன் எவ்வளவு அடித்தாலும் வண்டி பறக்காது. ஆனால் கடைசி அரைக் கிலோமீட்டரை நாம் சரிசெய்யலாம்.

ஒரு ஆளை மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள். இடவழியில் இரண்டு திருப்பம் இருந்தால் திருப்பத்துக்கு ஒருவர். ராத்திரி என்றால் டார்ச். வழியில் நிற்கும் ஆட்டோ, பைக், வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கார் எல்லாவற்றையும் ஓரம்கட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் தீயைக் காட்டிலும் கூட்டம் வேகமாகப் பரவும்.

வீட்டில் மெயினை அணையுங்கள். சிலிண்டர் பக்கம் போக முடிந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். வெறும் கசிவு என்றால் எந்த சுவிட்சையும் தொடக்கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து நிற்கும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

எண்ணெயில் பற்றிய தீயில் ஒரு கை தண்ணீர்கூட ஊற்றக்கூடாது. நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற கடைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சூடான எண்ணெய்க்குள் போன தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி, எரிகிற எண்ணெயை மேலே வீசும். அடுப்பை அணைத்து, சட்டியை ஒரு தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். அவ்வளவுதான்.

உடம்பில் தீப்பிடித்தவர் ஓடக்கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். தீக்காயத்தில் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். பற்பசை, மாவு, மை எதுவும் பூசக்கூடாது. பெரிய காயம் என்றால் 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வந்த பிறகு அவர்கள் செய்வது

வண்டியிலிருந்து இறங்குகிற அலுவலர் முதலில் தண்ணீர் அடிக்கச் சொல்லமாட்டார். 'உள்ளே ஆள் இருக்காங்களா?' என்று கேட்பார். இதற்கு ஒரே ஆள் ஒரே பதில் சொல்ல வேண்டும். பத்துப் பேர் பத்துவிதமாகச் சொன்னால், இல்லாத ஆளைத் தேடி ஒரு வீரர் புகைக்குள் போக நேரிடும். அடுத்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், மின்சாரம் போயிற்றா என்று கேட்பார். அந்த அரை நிமிஷம் சும்மா நிற்பதுபோலத் தெரியும். கூட்டத்தில் யாராவது 'தண்ணி அடிங்கடே!' என்று கத்துவார்கள். கத்துகிறவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வண்டியில் இருக்கிற தண்ணீர் அளவானது. வழக்கமான வண்டி ஒன்று சுமார் 4,500 லிட்டர் கொள்ளும். நம் மொட்டைமாடி ஆயிரம் லிட்டர் டேங்க் நாலரை. குழாயை முழு வேகத்தில் திறந்தால் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். எனவே தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. குளமும் சானலும் நிறைந்த ஊர்தானே என்று தோன்றும். பம்பு கீழிருந்து தண்ணீர் உறிஞ்சுவதற்கு எல்லை உண்டு. தண்ணீர்மட்டம் பம்புக்குக் கீழே ஏறக்குறைய ஏழு மீட்டருக்குள் இருக்க வேண்டும். அறுபதடிக்குக் கீழே தண்ணீர் கிடக்கும் கிணறு பக்கத்தில் இருந்தும் பயன் இல்லை, ரோட்டோரக் குளம் அரைக் கிலோமீட்டரில் இருந்தாலும் பயன்படும். சானலை நம்பவேண்டாம். பேச்சிப்பாறை அணையை அடைத்த மாதங்களில் அது வறண்டு கிடக்கும். குளம் எங்கே, வண்டி கரைவரைக்கும் போகுமா என்பதை நீங்கள் சொல்ல முடிந்தால் அவர்களுக்குப் பெரிய உதவி.

பழைய ஓட்டு வீடுகளில் ஒரு சண்டை அடிக்கடி வரும். தீ ஒரு மூலையில் எரிந்துகொண்டிருக்க, வீரர்கள் வேறு பக்கம் ஏறி ஓட்டைப் பிரிப்பார்கள். 'நல்லா இருக்குற ஓட்டை ஏன் உடைக்கிறீங்க?' என்று வீட்டுக்காரர் பாய்வார். இங்கத்து வீடுகளிலும் கோயில்களிலும் ஓட்டுக்குக் கீழே முழுக்க மரம். தீ அந்த மரத்தின் வழியே, வெளியே தெரியாமல், அடுத்த அறைக்குப் போய்விடும். ஓட்டைப் பிரித்தால் புகையும் சூடும் மேலே வெளியேறும், தண்ணீரும் தீ இருக்கிற இடத்தில் விழும். 2021 ஜூன் 2 அன்று மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கருவறையின் மேற்கூரையில் தீப்பிடித்தது பலருக்கு நினைவிருக்கும். மரக்கூரையில் பற்றிய தீ என்னவென்று மாவட்டமே அன்றைக்குப் பார்த்தது. எனவே பிரிக்கட்டும், விடுங்கள். ஓடு புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

அணைந்துவிட்டது என்று நீங்கள் நினைத்த பிறகும் அவர்கள் கிளறிக் கிளறித் தண்ணீர் அடிப்பார்கள். தும்பு (தேங்காய் நார்) ஆலை, கதம்பை (தேங்காய் மட்டை)க் குவியல், ரப்பர் ஷீட் அடுக்கு, குப்பைக்கிடங்கு இவற்றில் தீ மேலே அணைந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும், ராத்திரி மறுபடி எழும். வண்டி போன பிறகும் ஒரு ஆள் காவல் இருப்பது நல்லது. புகை தெரிந்தால் கூச்சப்படாமல் திரும்பக் கூப்பிடுங்கள்.

தீயை அணைக்கவோ ஆளை மீட்கவோ கட்டணம் கிடையாது. டீ வாங்கிக் கொடுக்கலாம், அது வேறு.

தீ இல்லாத அழைப்புகள்

துறையின் பெயரிலேயே 'மீட்புப் பணிகள்' இருக்கிறது. இந்த மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, தென்னையில் கட்டிய கடந்தல் (குளவி) கூடு எல்லாவற்றுக்கும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். கேரள வாடையில் சிலர் 'ஃபயர்ஃபோர்ஸ்' என்பார்கள், எல்லாம் ஒன்றுதான். பாம்பு என்றால் அடிக்காமல், கண்ணை எடுக்காமல், தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.

கிணறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூர்வார இறங்கியவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கக்கூடாது. மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சுக்கான காற்று இல்லாமல் போயிருக்கும், அல்லது விஷவாயு இருக்கும். முதலில் விழுந்தவரைக் காப்பாற்றப் போய் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து இறந்த செய்திகளை நாம் எத்தனை தடவை வாசித்திருக்கிறோம். வீரர்களே மூச்சுக்கருவியும் கயிறும் இல்லாமல் இறங்கமாட்டார்கள். 101-க்குச் சொல்லும்போது கிணற்றின் ஆழம், வாய் அகலம், தண்ணீர் இருக்கிறதா, பம்புசெட் ஓடியதா என்பதைச் சொல்லுங்கள். பாறைக்குழியில் மூழ்கியவர்களுக்கும் இதே எண்தான்.

புயல் நாட்களில்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பரும் தென்னையும் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன, கரண்ட் இல்லை, போன் இல்லை. அப்படிப்பட்ட நாளில் வண்டி உங்களிடம் வருவதற்கே மரம் அறுத்துக்கொண்டுதான் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட அழைப்புக்கு முதலில் போவார்கள். வாசலில் விழுந்த மரத்துக்கு இரண்டு நாள் ஆனாலும் கோபப்படக்கூடாது. மரத்தோடு கம்பியும் விழுந்திருந்தால், மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று உறுதியாகும் வரை வாளோடு பக்கத்தில் போகாதீர்கள். ஆற்றோரம் வீடு என்றால் தண்ணீர் முற்றத்துக்கு வரும்முன் இடம் மாறுங்கள். முழங்கால் தண்ணீரில் நின்று ரப்பர் படகுக்குக் காத்திருப்பதைவிட அது சுலபம்.

எல்லாம் முடிந்தபின்

காப்பீடு இருந்தால் தீயணைப்புத் துறையின் அறிக்கை தேவைப்படும். வந்து அணைத்த நிலையத்தில் கேட்டால் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்வார்கள். எரிந்ததை அப்புறப்படுத்தும்முன் போட்டோ எடுத்துவையுங்கள். குடிசை எரிந்தவர்கள் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் சொல்ல வேண்டும், நிவாரணம் வருவாய்த் துறை வழியாக வரும். கரி பிடித்த ஒயரிங்கை எலக்ட்ரீசியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள்.

மாமா புதிய புகைப்புரையை வீட்டைவிட்டு இருபதடி தள்ளிக் கட்டினார். அவர் வீட்டு மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நான் ஒரு தாள் ஒட்டினேன், இப்போதும் இருக்கிறது. இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: "101. கன்னியாகுமரி மாவட்டம். அழகியமண்டபம்–வேர்கிளம்பி ரோடு. இடது பக்கம் குருசடி, தாண்டியதும் வலது இறக்கம். பெரிய வண்டி சானல் பாலம் வரை. பாலத்திலிருந்து 100 மீட்டர். குளம்: குருசடிக்குப் பின்னால், கரைவரை வண்டி வரும். இதே பெயரில் இன்னொரு விளை உண்டு, இது அதல்ல. போனைக் கையில் வை."